ஏலமலை மெய்க்காட்சி சபையும் ஜக்கையனின் நாலு சாக்கும்

ஜக்கையனுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. யுத்த காலத்தில் பெயர்த்துக்கொண்டு போன தண்டவாளத்தை மறுபடி போட்டு, போடிக்கு ரயில் திரும்பி வந்தபோது ஊரே திரண்டு போய் ஏறி உட்கார்ந்து பார்த்தது. ஜக்கையன் மட்டும் ஏறவில்லை. ஒரு தடவை பெயர்த்தவன், தான் உள்ளே இருக்கும்போது பெயர்க்க மாட்டான் என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டான். கடையில் தேங்காய் வாங்கப் போனால் ஆட்டிப் பார்ப்பான், தட்டிப் பார்ப்பான், பிறகு கடைக்காரன் முகத்தைப் பார்ப்பான். மூன்றும் சரியாக இருந்தால் வாங்காமல் வந்துவிடுவான். மூன்றும் எப்படிச் சரியாக இருக்கும்?

இப்படிப்பட்டவனுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஒரு மலை மடிப்புக்குள் கொஞ்சம் ஏலத்தோட்டம் குத்தகைக்கு இருந்தது. அந்த வருடம் காய் நன்றாகப் பிடித்தது. அவனும் மனைவி குருவம்மாளும் பறித்து, புகையறையில் காயவைத்து, தேய்த்து, நாலு சாக்கு கட்டிக் குடிசைக்குள் அடுக்கினார்கள். சாக்கு வாயைக் குருவம்மாள் கற்றாழை நாரால் தைத்தாள். அந்த நாலு சாக்கு நல்லபடியாக விலை போனால் தோட்டம் அடுத்த வருடமும் அவர்களுடையது. இல்லாவிட்டால் இறங்கிப் போய் யாருடைய வயலிலாவது களை பிடுங்க வேண்டியதுதான்.

இதனால் ஜக்கையனுக்கு ஒரு புதுத் தொல்லை வந்தது. உப்பு, அரிசி வாங்கப் போடிக்கு இறங்குவான். கடைத்தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சை அடைக்கும். இப்போது சாக்கு இருக்கிறதா? குடிசையில் குருவம்மாள் இருக்கிறாள், நாய் இருக்கிறது. ஆனால் குருவம்மாள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தால்? நாய் யார் வந்தாலும் வாலாட்டுகிற நாய். பக்கத்துத் தோட்டத்துச் சோணை, ஜக்கையனுக்கு மாமன் மகன்தான் என்றாலும், மாமன் மகனுக்கும் கை இரண்டு உண்டு. அரிசியை வாங்கியும் வாங்காமலும் மலைக்கு ஓடி வருவான். சாக்கு இருக்கும். அப்பாடா என்று உட்காருவான். மறுபடி இறங்கினால் மறுபடி அதே கதை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் போடியில் ஏலமலை மெய்க்காட்சி சபை ஆரம்பமாயிற்று.

சபையின் தலைவர் கமிஷன் மண்டி பொன்னுமணி முதலாளி. சபையின் ஞானம் ராஜாராம். அவர் வெளியூர்க் கல்லூரியில் வெகுகாலம் தத்துவம் போதித்து ஓய்வு பெற்றவர். மலைக்காற்றுக்காகப் போடிக்கு வந்து, முதலாளியின் மாடியறையில் குடியிருந்தார். வாடகை கேட்டபோது, வாடகை என்பது முதலாளியின் மனத்தில் தோன்றும் ஓர் எண்ணமே தவிர வெளியே அப்படி ஒரு பொருள் கிடையாது என்று நிரூபித்தார். முதலாளி கோபப்படவில்லை. இவ்வளவு உபயோகமான படிப்பை இத்தனை நாள் மாடியில் சும்மா வைத்திருந்தோமே என்றுதான் வருத்தப்பட்டார்.

சபையின் முதல் கூட்டம் மண்டி முற்றத்தில் நடந்தது. மலையில் காய் வைத்திருக்கும் சம்சாரிகள் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். ஜக்கையன், எதற்காகக் காப்பி கொடுக்கிறார்கள் என்ற சந்தேகத்துடன் கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

“சபையோர்களே!” என்று தொடங்கினார் ராஜாராம். “ஏலக்காய், ஏலக்காய் என்கிறீர்கள். அதன் பச்சை எங்கே இருக்கிறது? உங்கள் கண்ணில். அதன் மணம் எங்கே? உங்கள் மூக்கில். காரம் எங்கே? நாக்கில். கண்ணையும் மூக்கையும் நாக்கையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன?”

“சாக்குங்க” என்றான் ஜக்கையன்.

“சாக்கின் சொரசொரப்பு உன் விரலில் இருக்கிறது. அதுவும் போயிற்று. ஆகவே பார்வையே படைப்பு. இதைத் திருஷ்டி சிருஷ்டி வாதம் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். கடல் தாண்டி ஒரு பாதிரியாரும் சொன்னார். பார்க்கிறவரைக்கும் பொருள் உண்டு. பார்வை விலகினால் பொருளும் விலகும்.”

“அதான் மேல சாமி பாத்துக்கிட்டு இருக்கேய்யா?” என்றாள் முன்வரிசையில் ஒரு கிழவி.

“பார்க்கிறார், தாயே. ஆனால் அவர் பார்க்க வேண்டியது அண்ட சராசரம். ஏலமலைக்கென்று அவர் தனியாக ஆள் போடவில்லை. அந்தக் குறையைத்தான் சபை தீர்த்துவைக்கிறது.”

அடுத்து முதலாளி எழுந்தார். “நான் படிக்காதவன். ஆனா அய்யா சொன்னதை முப்பது வருசமாக் கடைப்பிடிச்சு வர்றேன். தராசு முள்ளைச் சம்சாரி பாக்காதப்ப எடைன்னு ஒண்ணு கெடையாது. இது என் அனுபவம். அதுக்குப் பேரு தத்துவம்னு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுச்சு.”

எல்லோரும் கைதட்டினார்கள். ஜக்கையன் தட்டவில்லை. ஆனால் அவன் மனசுக்குள் ஒன்று விழுந்துவிட்டது. கடைத்தெருவில் தன் நெஞ்சை அடைத்த அதே விஷயத்தை, இத்தனை படித்த மனிதர் மேடையேறிச் சொல்கிறார். தனக்கு வந்தது வெறும் சந்தேகம் என்று நினைத்திருந்தான். பாதிரியாருக்கும் அதே வியாதி இருந்திருக்கிறது.

சபை வேலையை வெகு வேகமாகத் தொடங்கியது. மண்டி மாடியில் பட்டாளத்துத் தூரதிருஷ்டிக் குழாய் ஒன்றைப் பொருத்தி, மலையைப் பார்க்க மலைச்சாமி என்ற ஆளைப் பார்வையாளராக நியமித்தார்கள். கண் கொட்டாமல் மலையைப் பார்த்து, அது இருந்துகொண்டே இருக்கும்படி செய்வது அவன் உத்தியோகம். மலைச்சாமியை யாரும் பார்க்காவிட்டால் மலைச்சாமியே இல்லாமல் போய்விடுவான் அல்லவா? அதனால் அவனைப் பார்க்க ஒரு மேற்பார்வையாளர். அவரை ராஜாராம் பார்த்துக்கொண்டார். ராஜாராமை முதலாளி பார்த்துக்கொண்டார். முதலாளியைப் பார்க்க யார் என்ற கேள்வியில் மட்டும் சபை கொஞ்ச நேரம் திகைத்தது. கடைசியில் அவர் நாற்காலிக்கு எதிரே ஆளுயரக் கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டி, தலைவர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

அடுத்த தடவை போடிக்குப் போனபோது ஜக்கையனைச் சபைக்குக் கூப்பிட்டார்கள்.

“உன் குடிசை குழாயில் தெரியவில்லை” என்றார் ராஜாராம்.

“மடிப்புக்குள்ள இருக்குய்யா.”

“தெரியாத ஒன்று மடிப்புக்குள் எப்படி இருக்கும்?”

ஜக்கையன் அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரே ஓட்டமாக மலையேறினான். குடிசை இருந்தது. சாக்கு இருந்தது. ஆனால் இப்போது அவன் பார்க்கிறான், அதனால் இருக்கிறது. பார்க்காதபோது இருந்ததா என்பதை எப்படிப் பார்ப்பது? குடிசைக்கு முதுகைக் காட்டிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெடுக்கென்று திரும்பினான். இருந்தது. ஏலச்செடிக்குள் பதுங்கிப் போய்ப் பின்பக்கமாக எட்டிப் பார்த்தான். இருந்தது. இவன் வருவது அதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறதோ என்று தோன்றியது.

குருவம்மாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன, இந்த வயசுல குடிசையோட கண்ணாமூச்சி ஆடுறீக?”

“சாக்கைக் கீழ கொண்டுபோய்ச் சபையில வைக்கப் போறேன்.”

“எதுக்கு? நான்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்ல?”

“நீ பாக்குறப்ப நான் ஒன்னைப் பாக்கலையே. நீ இருக்கியான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் குருவம்மாள் எத்தனையோ சந்தேகங்களைத் தாங்கியவள். பாலில் தண்ணீர் கலந்தாளா, அண்ணன் வீட்டுக்கு மிளகு கொடுத்தனுப்பினாளா என்று அவன் கேட்டதுண்டு. அவள் இருக்கிறாளா என்றே கேட்டது இதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவன் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, “இதை யாரு போட்டதுன்னு ஒங்க சபையில கேளுங்க” என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் அவன் கழுதைகளில் சாக்கை ஏற்றி இறங்கினபோது அவள் வெளியே வரவில்லை.

சபை அவனைத் தடபுடலாக வரவேற்றது. நாலு சாக்கையும் மண்டிக் கிட்டங்கியில் முதலாளியின் சாக்குகளுக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். மலைச்சாமியை மாடியிலிருந்து இறக்கி, எதிரே முக்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மலையை அன்றிலிருந்து யாரும் பார்க்கவில்லை, அதுபாட்டுக்கு இருந்தது. ஜக்கையன் நிம்மதியாகத் திரும்பினான். அந்த நிம்மதி மெட்டு ஏறுகிறவரைக்கும்கூட நிற்கவில்லை.

அடுத்த வாரமே வந்து, சாக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றான்.

“கூடாது” என்றார் ராஜாராம். “உன் பார்வையில் சந்தேகம் கலந்திருக்கிறது. சந்தேகத்தோடு பார்த்த ஏலக்காய் நிறம் மங்கும். மங்கினால் தரம் குறையுமா, குறையாதா?”

“குறையும். தாராளமாக் குறையும்” என்றார் முதலாளி கண்ணாடியைப் பார்த்தபடி.

“என் காய்தானய்யா?”

“நீ பார்த்தபோது உன் காய். இப்போது பார்ப்பது சபை. ஆகையால்...” என்று ராஜாராம் வாக்கியத்தை முடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் எதிரில் நிற்பவன் இல்லை என்று பொருள். ஜக்கையன் கொஞ்ச நேரம் இல்லாமல் நின்றுவிட்டு மலையேறினான்.

மூன்றாவது முறை அவன் வந்தபோது சபையில் எல்லோரும் எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ராஜாராம் எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார். “மனதைத் திடப்படுத்திக்கொள். பார்வையாளர் தும்மிவிட்டார்.”

ஜக்கையனுக்கு விளங்கவில்லை. “அதுக்கு?”

“தும்மும்போது எந்த மனிதனும் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது. கண் மூடிற்று. பார்வை அறுந்தது. கண்ணைத் திறந்தபோது உன் நாலு சாக்கும் இல்லை.”

“பக்கத்துல இருந்த மொதலாளி சாக்கு?”

“அவற்றை முதலாளி வீட்டில் இருந்தபடியே மனத்தால் பார்த்துக்கொண்டிருந்தார்.”

“என்னேரமும் அதே நெனப்புத்தான்” என்றார் முதலாளி அடக்கத்தோடு.

ஜக்கையன் மலைச்சாமி பக்கம் திரும்பினான். “ஏய்யா மலைச்சாமி, நீ தும்முனியா?”

“தும்முனேன்ணே. அது நெசம்” என்றான் மலைச்சாமி தரையைப் பார்த்து. “தும்முனதும், போயி மூஞ்சி கழுவிட்டு வாடான்னாக. கழுவிட்டு வந்தேன். சாக்கைக் காணோம். பின்னறைப் பக்கம் மட்டும் பாக்கக் கூடாதுன்னு உத்தரவு.”

“பின்னறையில் ஒன்றும் இல்லை” என்றார் மேற்பார்வையாளர் அவசரமாக. “அதனால்தான் பூட்டக்கூட இல்லை. பூட்டினால் உள்ளே ஏதோ இருப்பதாக ஆகிவிடும் என்று அய்யா சொல்லிவிட்டார்.”

ஜக்கையன் அன்று மலைக்குப் போகவில்லை. மண்டிக்கு எதிரே தெருவில் குந்தினான். அழவில்லை, கத்தவில்லை, சபையின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பொழுது விடிந்தும் பார்த்தான். காய் போட வந்த சம்சாரிகள் அவனைப் பார்த்தார்கள், அவன் பார்க்கிற வாசலைப் பார்த்தார்கள், உள்ளே போகத் தயங்கினார்கள். இப்படியே விட்டால், அவன் பார்க்கிற தினுசில் சபையே களவாணிக் கூட்டம் மாதிரி ஆகிவிடும் என்று ராஜாராம் பயந்தார். பார்வையே படைப்பு என்று மேடையில் சொன்னவரும் அவர்தானே. தும்மலைப் பற்றிப் பகிரங்க விசாரணை நடக்கும் என்று அறிவித்தார்கள்.

விசாரணைக்குக் கூட்டம் முற்றம் நிறைய வந்தது. தும்மல் தற்செயலா, உள்நோக்கம் கொண்டதா என்று காலையெல்லாம் ஆராய்ந்தார்கள். ஏலக்காய்த் தூசி மூக்கில் ஏறியதால் வந்தது என்றும், ஆகவே ஜக்கையனின் ஏலக்காய் தன் அழிவைத் தானே தேடிக்கொண்டது என்றும் ராஜாராம் தீர்ப்புச் சொன்னார். “இருப்பினும் சபை ஈவிரக்கம் உள்ளது. இல்லாமற்போன சரக்குக்குத் தலைவர் தம் சொந்தப் பொறுப்பில் ஏதேனும் தருவார். என்ன விலை என்பதை இருவரும் பேசிக்கொள்ளலாம்.”

ஏலக்காய்க்கு வாயால் விலை பேசுகிற வழக்கம் அங்கே இல்லை. விற்கிறவனும் வாங்குகிறவனும் ஒரு துண்டை மேலே போட்டு, அதற்குள் கையைக் கோத்து, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். எத்தனை விரல், எந்தக் கணு என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். சுற்றி நிற்கிறவர்களுக்கு முகத்தைத்தான் பார்க்கலாம். முதலாளி தோளிலிருந்து துண்டை எடுத்து விரித்தார். உள்ளே கை போனதும் அவர் முகமே மாறிவிட்டது. சபைத் தலைவர் போய், சரக்கைக் கண்ட வியாபாரி வந்துவிட்டார்.

ஜக்கையன் ஊர் விலையைப் பிடித்தான். முதலாளி பாதியைப் பிடித்தார். ஜக்கையன் விரலை விடவில்லை. முதலாளி உதட்டைப் பிதுக்கினார். இந்த இடத்தில் சரக்கைக் குறை சொல்லாமல் இருக்க எந்த மண்டிக்காரராலும் முடியாது. பச்சைக் குழந்தையிலிருந்து பழகிய வாய்.

“அந்த விலைக்கெல்லாம் கட்டாதுய்யா. மூணு சாக்கு பரவாயில்ல. நாலாவதுல காய் கருத்துப்போச்சு, அடியில ஈர வாடை. நேத்துப் பிரிச்சுக் கொட்டிப் பாத்தேன்ல?”

முற்றத்தில் தலைகள் எல்லாம் முதலாளி பக்கம் திரும்பின. சாக்கு இல்லாமற்போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஜக்கையன் துண்டுக்குள்ளிருந்து கையை மெதுவாக உருவினான். “நேத்தா மொதலாளி?” என்றான்.

முதலாளி அவசரமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவரைக் காப்பாற்ற எழுந்தவர் ராஜாராம். “சபையோர்களே! நெருக்கடியான நேரம். தலைவர் சொன்னதாக ஒரு வாக்கியம் நம் காதில் தோன்றியிருக்கிறது. அதைக் கேட்பவர் இல்லாவிட்டால் அது சொல்லப்பட்டதும் இல்லை. ஆகவே எல்லோரும் கண்ணை மூடி, காதில் விரலை வைத்து, அந்த வாக்கியம் முற்றிலும் மறைகிறவரைக்கும் தியானம் செய்ய வேண்டும். நான் மணியடித்த பிறகுதான் திறக்கலாம்.”

சபை மூடிக்கொண்டது. மேற்பார்வையாளர் மூடினார். சம்சாரிகளும், பெரியவர்கள் மூடும்போது நாம் திறந்திருந்தால் மரியாதையாக இருக்காது என்று மூடினார்கள். முதலாளிதான் எல்லோரையும்விட இறுக்கமாக மூடினார். இரண்டு காதிலும் கட்டைவிரலை அமுக்கிக்கொண்டார். நடுமுற்றத்தில் ஜக்கையன் ஒருத்தன் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு நின்றான்.

பூட்டாத பின்னறைக்கு நேராகப் போனான். நாலு சாக்கும் இருந்தன. கற்றாழை நார்த் தையலைத் தடவிப் பார்த்தான். ஒரு தையலை மட்டும் பிரித்து, சணலால் ஒப்பேற்றி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் அவனுக்கு அழுகை வந்தது. முதல் சாக்கைத் தூக்க முயன்றபோது இன்னொரு முனையை யாரோ பிடித்தார்கள். திரும்பினால் மலைச்சாமி, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றான்.

“தூக்குங்கண்ணே, வெரசா. நான் ஒண்ணையும் பாக்கல. உத்தரவை மீற மாட்டேன்.”

மூடிய கண்ணோடு அவன் வாசல்படியில் ஒருமுறையும் முதலாளியின் நாற்காலியில் ஒருமுறையும் இடித்துக்கொண்டான். இருந்தாலும் நாலு சாக்கும் கடைத்தெருவில் வாடகைக்கு நின்ற கழுதைகளின் மேல் ஏறின. ஜக்கையன் மலையேறினான். வழியெல்லாம் கழுதைகளை முன்னால் விட்டு, சாக்கைப் பார்த்தபடி பின்னாலேயே நடந்தான். குருவம்மாள் நாலு சாக்கையும் பிரித்துக் கையை விட்டு அடிவரைக்கும் துழாவிப் பார்த்துவிட்டு, ஈரச்சாக்கை வெயிலில் கொட்டினாள். அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “நீ இருக்கேத்தா. நெசமாவே இருக்க” என்றான். “இப்பவாவது தெரிஞ்சுச்சே” என்றாள் அவள், கருத்த காயைப் பொறுக்கிக்கொண்டே.

சபை அவ்வளவோடு இழுத்து மூடப்பட்டிருக்கும் என்றுதான் ஜக்கையன் நம்பினான். அவன் வாழ்க்கையில் சந்தேகப்படாமல் நம்பியது அது ஒன்றுதான்.

சில நாள் கழித்து ஒரு காலையில், தோட்டத்துக்குக் கீழே பாதையில் கழுதைச் சலங்கை கேட்டது. எட்டிப் பார்த்தான். சோணை முன்னால் போனான். அவன் பின்னால் இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் சாக்கும் கழுதையுமாக வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“ஏ சோணை! எங்கய்யா லோடு?”

“சபைக்குத்தான் மாப்ளே. ஒனக்குத் தெரியாதா? போடியில தண்டோராப் போட்டாகளே. தும்மல்ல இல்லாமப் போன நாலு சாக்கைச் சபை கண்ணை மூடித் தியானம் பண்ணியே மறுபடி வரவழைச்சுருச்சாம். அப்பேர்ப்பட்ட எடம்!”

“அடப் பாவிகளா! அவங்க பூராம் களவாணிப் பயலுக! என் சாக்கைப் பின்னறையில அமுக்கி வச்சிருந்தாங்க. நான்தான்யா தூக்கிட்டு வந்தேன்!”

சோணை நின்று அவனை மேலும் கீழும் பார்த்தான். “நீ தூக்குனதை யாரு பாத்தா?”

ஜக்கையன் யோசித்தான். முற்றம் நிறைய ஆள் இருந்தது. ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

“மலைச்சாமி ஒரு கை பிடிச்சான். அவனைக் கேளு.”

“கேட்டாச்சு. நான் ஒண்ணையும் பாக்கலைன்னு சூடம் அடிச்சுச் சத்தியம் பண்றான்.” சோணை கழுதையைத் தட்டிவிட்டான். “இந்தா பாரு மாப்ளே, நீ பொறந்ததுல இருந்தே சந்தேகம் பிடிச்ச ஆளு, ஒன் பேச்சை விடு. ஒன் சாக்கு சபைக்குப் போச்சு. இல்லாமப் போச்சு. திரும்ப ஒரு காய் குறையாம வந்து ஒன் குடிசையில கெடக்கு. அதை நாங்க எல்லாரும் எங்க கண்ணால பாத்துட்டுத்தான் போறோம்.”

ஜக்கையன் திரும்பிப் பார்த்தான். குடிசைக்குள் நாலு சாக்கும் சுவரோரமாக அடுக்கியபடி இருந்தன. கீழே பாதையில் கழுதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வளைவில் திரும்பி, போடியைப் பார்த்து இறங்கின.